குண்டு புக் வாழ்க!

தமிழ் காமிக்ஸ் மாதிரி ஒரு சுகம் வேறு உண்டா? இல்லவே இல்லை. நாற்பதைத் தாண்டிய, கரூரில் ஒரு வங்கிக் கவுன்டரில் நாள் முழுக்க ரூபாய் எண்ணுகிற, பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அம்மாவான நான் சொல்கிறேன்: சிவகாசியிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்ததும் குப்பென்று எழுமே ஒரு மை வாசனை, அதற்கு ஈடாக எந்த அத்தரும் இல்லை.

என் கைப்பையில் எப்போதும் ஒரு காமிக்ஸ் இருக்கும். தலைமாட்டில் ஒன்று. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், மழைக்கு பாலிதீன் கவர் சுற்றி ஒன்று. ரேஷன் கடையிலோ கேஸ் ஏஜென்சியிலோ நிற்க நேர்ந்தால் கைகொடுக்கும். வீட்டு வைஃபையின் பெயர் 'இரவுக் கழுகு', என் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரின் பட்டப்பெயர். கவுன்டரில், கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில், ஒரு சாண் உயரத்துக்கு அவரே நிற்கிறார். மஞ்சள் சட்டை, கழுத்தில் கறுப்புக் கைக்குட்டை, இடுப்பில் கோல்ட் துப்பாக்கி. என் மகள் ஒரு விளம்பரத் தாளிலிருந்து வெட்டி, கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி, பின்னால் முட்டுக் கொடுத்து நிறுத்தித் தந்தது.

அவர் வந்து நின்ற பிறகு என் வேலை நாளே வேறு மாதிரி ஆகிவிட்டது. பென்ஷன் எடுக்க வந்த ஒரு பெரியவர், வித்டிராயல் சலானை நீட்டியவர், கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏனுங்கம்மிணி, இது டெக்ஸ் வில்லருங்களா?"

"ஆமாங்கய்யா! உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாம என்னங்க? மாயாவி காலத்துல இருந்து படிக்கறனுங்க. பாம்புத் தீவு படிச்சுப்போட்டு ராத்திரி வாசலுக்குப் போகவே பயந்துட்டுக் கெடந்தவன் நானு."

அவருக்குப் பின்னால் நகைக்கடன் வட்டி கட்ட நின்றிருந்த பையன் எட்டிப் பார்த்து, "அக்கா, டைகர் வெக்கலீங்களா?" என்றான். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. மூன்று பேர், மூன்று வயது, ஒரே பித்து! இந்தப் பித்தைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவே கூடாது என்பேன். வெளியே, எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும். அலுவலக மேசையில், சமையலறைச் சுவரில், பஸ் ஜன்னலோரத்தில். தன் ஆட்களை அது தானே கூட்டிக்கொண்டு வரும்.

அந்தப் பெரியவர் சொன்ன மாயாவியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 1972-ல் சௌந்திரபாண்டியன் சிவகாசியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அச்சடித்துத் தேர்ந்த ஊர்; அந்த அச்சு இயந்திரங்களிலிருந்து லூயிஸ் கிராண்டேல் என்ற வெள்ளைக்காரன் தமிழ் பேசிக்கொண்டு இறங்கி வந்தான். 1962-ல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்த கதை. முதலில் எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு மொத்தமும் மறைந்துவிடும், அந்தக் கை ஒன்றைத் தவிர. தொடக்கத்தில் கெட்டவன். பிறகுதான் திருந்தி நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறான். கெட்டவனாக அறிமுகமான ஒருவனை மூன்று தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள்!

பிளாஸ்கோவின் படங்களை லென்ஸ் வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. மாயாவி மறைந்திருக்கும் ஃபிரேமில் அவர் வரைய வேண்டியது ஒரே ஒரு கை. ஆனால் அந்தக் கை மேசை விளிம்பைப் பிடித்திருக்கும் கோணத்தை வைத்தே, கண்ணுக்குத் தெரியாத அந்த ஆள் குனிந்திருக்கிறானா, ஓடத் தயாராக ஒரு காலை முன்னால் வைத்திருக்கிறானா என்று சொல்லிவிடலாம். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியிருந்தால் முழங்கை எங்கே, தோள் எங்கே என்று நம் மனசு தானாகவே வரைந்துகொள்கிறது. அறையின் மூலையில் கறுப்பு மையை அப்பியிருப்பார். அதன் நடுவில் விரல்களின் உலோக மினுமினுப்புக்கு மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடுகள். கறுப்பு வெள்ளையில், சாணித்தாளில், அச்சு லேசாகக் கலங்கியிருந்தும் அந்த மினுமினுப்பு தெரிகிறது. இல்லாத உடம்பை இருப்பதாகக் காட்டுகிற ஓவியரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் வந்தது. சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன், மீசை அரும்பும் வயதில் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. எண்பதுகளில் சிறுமியாக இருந்த எனக்கு அந்த இளவரசி யாராக இருந்தாள் என்று எப்படி விளங்க வைப்பேன்! பீட்டர் ஓ'டானல் எழுதி 1963-ல் லண்டன் மாலை நாளிதழ் ஒன்றில் பிறந்த மாடஸ்டி பிளைஸி, யாரும் வந்து காப்பாற்றும்வரை காத்திருக்க மாட்டாள். தன் கூட்டாளி கார்வினை அவள்தான் போய் மீட்டு வருவாள். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி பொம்மைப் புஸ்தகம்" என்று கேட்ட வீட்டில், என் தாய்மாமா மட்டும் கடையிலிருந்து வரும்போது லயனைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து தருவார். அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்துவிட்டது. ஜேம்ஸ்பாண்ட், முகமூடி மாயாவி (இரும்புக்கைக்காரர் வேறு) என்று அது ஒரு பக்கம். லயனில் ஸ்பைடர், ஆர்ச்சி, டெக்ஸ் என்று இது ஒரு பக்கம். கையில் இருந்த சில்லறைக்கு எதை வாங்குவது என்பதுதான் அன்றைய பெரிய கவலை.

டெக்ஸைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1948 செப்டம்பரில் இத்தாலியில், ஜான்லூயிஜி பொனெல்லி எழுத்தில், கலெப் என்று கையெழுத்திட்ட ஔரேலியோ கல்லெப்பினி ஓவியத்தில் பிறந்தவர். பதிப்பகம் அப்போது பெரிதாக நம்பியது 'ஓக்கியோ குபோ' என்ற வேறொரு தொடரை. கலெப் பகலெல்லாம் அதை வரைந்துவிட்டு, மிச்ச நேரத்தில், ராத்திரிகளில் டெக்ஸை வரைந்தார். நம்பிய தொடர் சீக்கிரமே நின்றுபோனது. ராத்திரியில் வரைந்தது இன்றும் இத்தாலியில் மாதம் தவறாமல் வருகிறது! முதல் 400 இதழ்களுக்கு அட்டைப்படம் கலெப்தான். ஒரு மனிதர் ஒரே கதாநாயகனின் முகத்தை வாழ்நாள் முழுக்க வரைந்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

டெக்ஸ் நவஹோ பூர்வகுடிகளின் தலைவர். மனைவி லிலித் நவஹோ பெண். வெள்ளைக்கார வியாபாரிகள் தெரிந்தே விற்ற நோய்க்கிருமி ஏறிய போர்வைகளால் பெரியம்மை பரவி லிலித் இறந்துபோகிறாள். இதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படியெல்லாம் நிஜமாகவே நடந்ததா என்று தேடப் போனேன். 1763-ல் பிட் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள், பேச்சுவார்த்தைக்கு வந்த பூர்வகுடியினரிடம் அம்மை மருத்துவமனையின் போர்வைகளைக் கொடுத்தனுப்பியதற்குச் சான்று இருக்கிறது. அங்கிருந்து தேடல் வேகம் எடுத்தது. டெக்ஸின் உயிர்த்தோழர், நாம் வெள்ளிமுடியார் என்று செல்லமாக அழைக்கும் கிட் கார்சன் பெயரில் வரலாற்றிலும் ஒருவர் உண்டு. அந்த நிஜக் கார்சன்தான் 1863-64-ல் நவஹோக்களுக்கு எதிரான படையெடுப்பை நடத்தியவர். பயிர்களைக் கொளுத்தினார்கள். கான்யன் டி ஷே பள்ளத்தாக்கில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பீச் மரத் தோப்புகளை அந்தப் படையினர் வெட்டிச் சாய்த்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கான மக்களைக் குழந்தை குட்டிகளோடு நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து போஸ்க் ரெடோண்டோவில் கொண்டுபோய் அடைத்தார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்ப விட்டார்கள். வரலாற்றில் நவஹோக்களை விரட்டியவரின் பெயர், கதையில் நவஹோ தலைவனுக்காக உயிரையும் கொடுக்கிற தோழனுக்கு! பொனெல்லி ஏன் இப்படிச் செய்தார் என்று நானும் என் மகளும் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டே விவாதித்திருக்கிறோம். தேர்வுக்கு வராத வரலாறு அவளுக்கு இவ்வளவு தெரிகிறதே என்று அவள் டீச்சர் வியந்தாராம்.

எங்கள் சமையலறைச் சுவரில், நாள்காட்டிக்குப் பக்கத்தில், அரிசோனா வரைபடம் தொங்குகிறது. கதையில் ஒரு ஊர் வந்தால் குண்டூசி குத்துவோம். சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடரில் மட்டும் சிவப்புக் குண்டூசி. அதற்குக் காரணம் கேப்டன் டைகர். ஷார்லியே எழுத, ழான் ஜிரோ வரைந்து 1963-ல் பிரான்சில் வெளிவரத் தொடங்கிய 'ப்ளூபெர்ரி'தான் தமிழில் நம் டைகர். அவருடைய 'தங்கக் கல்லறை', அந்த மலையில் ஜேக்கப் வால்ட்ஸ் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் தங்கச் சுரங்கக் கதையிலிருந்து முளைத்தது. வால்ட்ஸ் நிஜ மனிதர். 1891-ல் ஃபீனிக்ஸ் நகரில் இறந்தார். சுரங்கத்தை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, தேடிப்போகிறவர்களும் ஓயவில்லை. ஜிரோ அந்த மலையின் பாறைகளைத் தூரிகையால் இழுத்திருப்பதைப் பார்த்தால் நாக்கு வறளும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் படிப்பேன்.

இந்தப் பித்தின் உச்சம் எதுவென்றால், ஆகஸ்டு மாதம் ஈரோடு புத்தகத் திருவிழா. அந்த நாட்களில் லயன்-முத்து வாசகர்கள் ஒன்றுகூடுவது ஒரு வழக்கமாகவே ஆகியிருக்கிறது. கரூரிலிருந்து ரயிலேறினால் காவிரியை ஒட்டியே போய்ச் சேர்ந்துவிடலாம். டாக்டர், ஜவுளி வியாபாரி, பள்ளி ஆசிரியர், லேத் பட்டறைக்காரர், ரிட்டயரான தாசில்தார் என்று எத்தனை பேர்! அங்கே யாரும் யாருடைய உத்தியோகத்தையும் கேட்பதில்லை. முதல் கேள்வியே, "நீங்க தலயா, தளபதியா?" தல என்றால் டெக்ஸ், தளபதி என்றால் டைகர். பதிலைப் பொறுத்து உங்கள் பக்கத்து நாற்காலி தீர்மானமாகும். நான் தல கட்சி. ஆனால் 2015-ல் 'மின்னும் மரணம்' முழு வண்ணத் தொகுப்பைக் கையில் ஏந்தியபோது தளபதி கட்சிக்காரர்களோடு சேர்ந்து நானும்தான் விசிலடித்தேன். அப்படி ஒரு குண்டு புக் அது.

அங்கே கிடைத்தவர்தான் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். அவரும் கரூர்தான், எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அவரைச் சந்திக்க நான் ஈரோட்டுக்குப் போக வேண்டியிருந்தது! கௌபாய் கதைகளில் அவர் ஆட்களையே பார்ப்பதில்லை, வண்டிகளைப் பார்க்கிறார். டெக்ஸ் கதையில் ஒரு கோச் வண்டி பள்ளத்தாக்கில் பாய்ந்து வரும் பக்கத்தைத் திறந்து, கிரீஸ் கறை ஏறிய நகத்தால் ஒரு கோட்டைத் தொட்டார்.

"அம்மிணி, இங்க பாருங்க. பெட்டிக்கு அடியில ரெண்டு பக்கமும் பட்டையாப் போகுதல்லோ? அது இரும்பில்லீங்க, தோலு. மாட்டுத்தோலை அடுக்கடுக்கா வெச்சுத் தெச்சது. ஸ்பிரிங்கே கெடையாது. பெட்டி அது மேல தொட்டிலாட்ட ஆடும். பாறை மேல சக்கரம் ஏறுனாலும் குதிரைக்கு அதிர்ச்சி போகாது. இதை வரைஞ்ச மனுசன் வண்டியை நேர்ல பார்த்திருக்கோணும், இல்லாட்டி நல்ல போட்டோ வெச்சிருந்திருக்கோணும்."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கான்கார்ட் என்ற ஊரில் செய்த கோச் வண்டிகள் அப்படித்தான், தோல் பட்டைகளில் தொங்கியிருக்கின்றன. எத்தனையோ முறை படித்த கதை. அந்தக் கோடு என் கண்ணில் பட்டதே இல்லை. இனி ஒருபோதும் படாமல் போகாது. ஒவ்வொருத்தரும் தன் தொழிலின் கண்ணோடு ஒரே புத்தகத்துக்குள் வருகிறார்கள். எங்கள் கிளையின் காவலாளி, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வின்செஸ்டர் லீவர் எப்படி வேலை செய்யும் என்று எனக்கு விளக்கியிருக்கிறார். இப்போது டெக்ஸ் சுடும்போது குண்டு தீர்ந்திருக்க வேண்டுமா இல்லையா என்று நாங்கள் இரண்டு பேரும் எண்ணுகிறோம். பெரும்பாலும் கணக்கு சரியாகவே வருகிறது!

பழைய இதழ்களைப் பராமரிப்பது தனி ஆனந்தம். எண்பதுகளின் பாக்கெட் சைஸ் லயன்கள் என்னிடம் இருக்கின்றன. துருப்பிடித்த பின்னை முதலில் கழற்ற வேண்டும். நகத்தால் நெம்பினால் தாள் கிழியும், வெண்ணெய்க் கத்தி முனையால் மெல்ல நிமிர்த்த வேண்டும். பிறகு பைண்டிங் அண்ணாச்சியிடம் எடுத்துப்போவேன். அவரும் இப்போது என் ரகம் ஆகிவிட்டார். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து கிண்டுவார், பூச்சி அண்டாது. முதுகுக்குக் காலிகோ துணி. ஓரத்தை மட்டும் கட்டிங் போடவே கூடாது என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். ஏனென்றால் அந்தக் காலத்து இதழ்களில் படம் விளிம்புவரை போகும். ஒரு மில்லிமீட்டர் வெட்டினாலும் ஸ்பைடரின் காது போய்விடும். அவர் வெட்டுவதில்லை. வேலை முடிந்த தொகுப்பை என் கையில் கொடுக்கும்போது, "ஸ்பைடரோட ஹெலிகார் கதை பிரமாதம்மா" என்கிறார். பைண்ட் பண்ண வந்ததைப் படித்தும் முடித்திருக்கிறார்! சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் என்று நான் சொன்னதும், அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வருடச் சந்தா கட்டிவிட்டால் புத்தகங்கள் கூரியரில் வந்துவிடும். நான் வங்கி முகவரிதான் கொடுத்திருக்கிறேன். பெட்டி வருகிற நாளில் சாப்பாட்டு அறையில் ஒரே அமளி. அங்கே ஒரு பழைய ஸ்டேஷனரி ரேக்கைக் கேட்டு வாங்கி, இரண்டு தட்டு நிறையக் காமிக்ஸ் அடுக்கியிருக்கிறேன். கேஷியர் சாருக்கு லக்கி லூக் என்றால் உயிர். புதிதாகச் சேர்ந்த தம்பி, தோர்கலை எடுத்தவன் இன்னும் திருப்பவில்லை, சந்தோஷம், வைத்துக்கொள்ளட்டும். பெருக்க வரும் அக்கா மதியத்தில் சிக் பில் கதையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஷெரீஃப் டாக்புல்லிடம் அவர் உதவியாளன் ஆர்டின் திட்டு வாங்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு கேஷ் கேபின்வரை கேட்கும். மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நெருக்கடியிலும் கேட்டது.

உடனே தொடங்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் என் யோசனை இதுதான். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் லக்கி லூக். மோரிஸின் கோடும் கோசினியின் குறும்பும் சேர்ந்த எந்தக் கதையானாலும் சரி, டால்டன் சகோதரர்கள் இருந்தால் இன்னும் நல்லது. வேலை முடிந்து மனசு களைத்த ராத்திரிக்கு டெக்ஸ். தீபாவளி சமயத்தில் வரும் டெக்ஸ் குண்டு புக் ஒன்று கிடைத்தால் முறுக்குத் தட்டோடு உட்கார்ந்துவிடுங்கள். படம் பார்க்கப் பிடிக்கும் என்றால் 'தங்கக் கல்லறை', வண்ணத்தில். இவையெல்லாம் ஆன பிறகு, நாலு நாள் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைக்கும்போது, 'இரத்தப் படலம்'. வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்து 1984-ல் தொடங்கிய தொடர். 2010-ல் தமிழில் 18 பாகங்களையும் ஒரே புத்தகமாகக் கட்டிக் கொடுத்தார்கள், 800 பக்கங்களுக்கு மேல். கரையொதுங்கிய ஒருவனை ஒரு வயதான தம்பதி தூக்கிக்கொண்டுபோய்ப் பிழைக்க வைக்கிறார்கள். அவனுக்குத் தான் யாரென்றே நினைவில்லை. காறையெலும்புக்குப் பக்கத்தில் XIII என்று ரோம எண்ணில் ஒரு பச்சை. அவ்வளவுதான் சொல்வேன், மேலே ஒரு சொல்கூடச் சொல்ல மாட்டேன். படித்து முடித்துவிட்டு வாருங்கள், அதில் வரும் மேஜர் ஜோன்ஸைப் பற்றி நாம் ரொம்ப நேரம் பேச வேண்டியிருக்கிறது!